அஞ்சு ரிஜிஸ்டர்ல இருந்த பையன்

கேள்வி இதுதான்: "வியாசர்பாடி பக்கம் எங்க வார்டுல போலீஸ் பாய்ஸ் கிளப் இருக்கு, மூணு என்ஜிஓ வந்து போகுது, ஸ்கூல்ல கவுன்சிலிங் நடக்குது, மாநகராட்சி ஜிம் திறந்திருக்கு. எல்லாரும் நல்லவங்கதான், ஆனா ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குத் தெரியல, கத்தி எடுக்குற பசங்களும் குறையல. இதையெல்லாம் யாரு ஒண்ணு சேக்கணும், எப்படி சேக்கணும்?"

கொஞ்சம் நீளமாதான் பதில் வரும், டீ எதாவது எடுத்துட்டு வந்து உக்காருங்க. நான் வடசென்னைல பன்னெண்டு வருஷம் குழந்தைகள் பாதுகாப்பு வேலைல இருந்தவன், அதனால தியரிய விட எனக்கு நடந்தது ஒண்ண முதல்ல சொல்லிடறேன்.

ஒரு பையன். பேரு வேணாம், ஏரியாவும் வேணாம். ஒன்பதாவதோட நின்னுட்டான். ஸ்கூல் ரிஜிஸ்டர்ல ரொம்ப நாளா ஆப்சென்ட்டுன்னு இருக்கு. ஜிஎச்ல கைல வெட்டுக்காயத்தோட போயிருக்கான், பாட்டில் குத்திருச்சுன்னு சொல்லி தையல் போட்டுட்டு வந்திருக்கான், அங்க ஏ.ஆர் புக்ல, அதாவது அடிபட்டு வர்றவங்கள எழுதி வைக்கிற விபத்துப் பதிவேட்டுல, என்ட்ரி இருக்கு. ஸ்டேஷன்ல ரெண்டு தடவ ராத்திரி புடிச்சு, அம்மாவ வரச்சொல்லி எழுதி வாங்கிட்டு அனுப்பிருக்காங்க. கிரவுண்டுல ஃபுட்பால் சொல்லித்தர்ற மாஸ்டருக்கு அவன நல்லா தெரியும், "நல்ல லெஃப்ட் கால் சார், திடீர்னு வர்றத நிறுத்திட்டான்"னாரு. அஞ்சாவது ரிஜிஸ்டர் எங்க ஆபீஸ்து. ஒரு ஹோம் விசிட் ரிப்போர்ட், கடைசி வரில "ஃபாலோ அப் தேவை"ன்னு என் கையெழுத்துலயே எழுதிருக்கு. நான் ஃபாலோ அப் பண்ணல. ஆறு மாசத்துல அவன் இன்னொரு பையன குத்திட்டான். அதுக்கப்புறம்தான் நாங்க அஞ்சு பேரும் ஒரே இடத்துல உக்காந்தோம், அதுவும் சிறுவர் கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வெளிய இருக்குற பெஞ்சுல, ஆளுக்கொரு ஃபைலோட.

அதனால ஒருங்கிணைப்புன்னு யாராவது சொன்னா எனக்கு மாசாந்திர மீட்டிங், மினிட்ஸ், குரூப் ஃபோட்டோ எல்லாம் ஞாபகத்துக்கு வராது, அந்த அஞ்சு ரிஜிஸ்டர்தான் வரும். அந்த அஞ்சு பேரும் ஒரே வாரத்துல அந்த ஒரு பேர வாய்விட்டு சொல்லிருக்கணும், சொன்ன உடனே இந்த வாரம் அவன் வீட்டு வாசல்ல யாரு போய் நிக்குறாங்கன்னு முடிவாகிருக்கணும். அவ்ளோதான் விஷயம். திட்டம் பத்து இருக்குறது பிரச்சன இல்ல, பத்து திட்டமும் வர்ற பசங்களுக்குத்தான் நடக்குது, வராதவன யாரும் தேடிப் போறதில்ல, அதான் பிரச்சன. பாய்ஸ் கிளப்புக்கு ஒழுங்கா கேரம் ஆட வர்ற பையன் பெரும்பாலும் கத்தி எடுக்கப் போறவன் கிடையாது.

இத உலகத்துல ஒழுங்கா பண்ணிக் காட்டின ஊருன்னா நான் முதல்ல கிளாஸ்கோவ சொல்லுவேன். ஸ்காட்லாந்துல இருக்கு, நம்ம ஊரோட பாத்தா சின்ன ஊரு, ஆறு லட்சம் சொச்சம் ஜனம். 2000களோட ஆரம்பத்துல அங்க கத்திக்குத்து எடுத்ததுக்கெல்லாம் நடந்துட்டு இருந்துச்சு, வாயோரத்துலருந்து காது வரைக்கும் கீறி விடுறதுக்கு ஊர் பேரே வச்சு "கிளாஸ்கோ சிரிப்பு"ன்னு சொல்வாங்க. 2004-05ல ஸ்காட்லாந்து முழுக்க கொலை 130ஐ தாண்டுச்சு, வளர்ந்த நாடுகள்லயே வன்முறை ஜாஸ்தியான நாடுன்னு 2005ல ஐநா ஆய்வு ஒண்ணுல பேர் வாங்கினாங்க. அங்க கேங்னா பெரிய கடத்தல் கும்பல்னு நினைக்காதீங்க, நம்ம ஏரியா பசங்க மாதிரிதான், எந்தத் தெருல பொறந்தானோ அந்தத் தெரு கேங், ரோட்ட தாண்டி அடுத்த பக்கம் போனா அடி. அப்பாவும் அதே கேங்ல இருந்திருப்பான், தாத்தாவும் இருந்திருப்பான்.

2005ல ஸ்ட்ராத்கிளைட் போலீஸ், அதாவது கிளாஸ்கோவும் சுத்துவட்டாரமும் அவங்க கீழதான், வன்முறைக் குறைப்புப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஜான் கார்னக்கன்னு ஒரு கொலை கேஸ் டிடெக்டிவ், கேரின் மெக்லஸ்கின்னு போலீஸ்ல புலனாய்வுத் தகவல்கள அலசிப் பாக்குற ஒரு பகுப்பாய்வாளர், இவங்க ரெண்டு பேருந்தான் தூணு. அந்தம்மா நர்ஸா இருந்து போலீஸ் பக்கம் வந்தவங்க, அது முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அவங்க வன்முறைய காலரா மாதிரி ஒரு நோயாதான் பாத்தாங்க, எங்க ஆரம்பிக்குது, எப்படி பரவுது, யாருக்கு அடுத்து வரும்னு. அடுத்த வருஷமே அது ஸ்காட்லாந்து முழுக்க தேசிய பிரிவாயிடுச்சு. கவனிங்க, போலீஸுக்குள்ளதான் இருந்துச்சு, ஆனா அரெஸ்ட் கணக்கு காட்டுற வேலை அதுக்குக் கிடையாது. கொலையும் காயமும் குறையணும், அதுக்கு எந்த டிபார்ட்மென்ட் கதவ வேணா தட்டலாம், அந்த ஒரு வேலைதான்.

2008 அக்டோபர்ல கிளாஸ்கோ ஷெரிஃப் கோர்ட்ல ஒண்ணு பண்ணாங்க. கிழக்கு கிளாஸ்கோ கேங் பசங்கள வரச் சொன்னாங்க, யாரையும் புடிச்சிட்டு வரல, வீடு வீடா போய் கூப்ட்டு அவங்களா வந்தது. போலீஸ் அதிகாரி எழுந்து, எங்களுக்கு உங்க எல்லாரையும் தெரியும், இனிமே உங்க கேங்ல ஒருத்தன் குத்தினா மொத்த கேங்கையும் தேடி வருவோம்னு சொன்னாரு. அப்புறம் முகத்துல தையல் போடுற சர்ஜன் பேசினாரு. முன்னாடி கேங்ல இருந்தவன் பேசினான். கடைசில மகன் வெட்டுப்பட்ட ஒரு அம்மா. போலீஸ் பேசும்போது கெத்தா சாஞ்சு உக்காந்திருந்த பசங்க, அந்தம்மா பேசும்போது தலைய குனிஞ்சிட்டாங்கன்னு அங்க இருந்தவங்க சொல்லிருக்காங்க. நம்மூர் பசங்களும் அப்படித்தான், எஸ்.ஐக்கு பயப்படாதவன் அடுத்தவன் அம்மா அழுதா ஆடிப்போயிடுவான்.

ஆனா இந்த ஸீன் எல்லாருக்கும் புடிக்கும், சினிமா மாதிரி இருக்குல்ல, அதனால இத மட்டும் காப்பி அடிச்சிடுவாங்க. உண்மையான வேலை அதுக்கு அப்புறம் இருந்துச்சு. வெளிய போகும்போது ஒரு ஃபோன் நம்பர் குடுத்தாங்க. ஒரே ஒரு நம்பர். விட்டுடணும்னு நினைக்கிறவன் அதுக்கு அடிச்சா போதும், அவனுக்கு வேலையா, படிப்பா, குடிய விடணுமா, வீட்ல பிரச்சனையா, அதுக்கு எந்த ஆபீஸுக்கு போகணும்ங்குறது அவன் தலைவலி கிடையாது, எடுக்குறவங்க தலைவலி. பின்னாடி பத்து டிபார்ட்மென்ட் இருக்கட்டும், பையனுக்குத் தெரியுற கதவு ஒண்ணுதான். நம்ம கிட்ட கதவு நிறைய இருக்கு, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, பள்ளிக்கல்விக்கு 14417, அப்புறம் ஒவ்வொரு என்ஜிஓவுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பூட்டிருக்கும்.

அதோட ஒரு நேர்மையான விஷயமும் சொல்லணும். அந்த கிழக்கு கிளாஸ்கோ திட்டத்த பின்னாடி ஆராய்ஞ்சு பாத்தப்போ, கலந்துக்கிட்ட பசங்க கத்தி வச்சுக்கிட்டு திரியுறது ஒப்பிட்ட பசங்கள விட நல்லா குறைஞ்சிருந்துச்சு, ஆனா அடிதடில ரெண்டு கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் காட்ட முடியல. சரி, அப்ப கொலை எதனால குறைஞ்சுச்சு? ஒரு திட்டத்தால இல்ல, எல்லாம் சேந்துதான். டாக்டர்ங்க தனியா அமைப்பு ஆரம்பிச்சு ஸ்கூல் ஸ்கூலா போனாங்க. 2015 கடைசில கிளாஸ்கோ ராயல் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில "நேவிகேட்டர்"னு ஆளுங்கள நிக்க வச்சாங்க, வெள்ளை கோட்டும் இல்ல யூனிஃபார்மும் இல்ல, அவங்களே அந்த வாழ்க்கைய பாத்துட்டு வந்தவங்க சில பேரு, தையல் போட்டு படுத்திருக்குறவன் பக்கத்துல உக்காந்து "இப்ப என்ன பண்ணலாம்னு இருக்க"ன்னு கேப்பாங்க. ஸ்கூல்ல டிசி குடுத்து வெளிய தள்ளுறது பெரிய அளவுல குறைஞ்சுது. இன்னொரு பக்கம் சட்டமும் இறுகுச்சு, கத்தி வச்சிருந்தா அதிகபட்ச தண்டனை ரெண்டு வருஷமா இருந்தது 2006ல நாலாச்சு. 2023-24ல ஸ்காட்லாந்து முழுக்க கொலை 57. இருபது வருஷம் ஆச்சு இதுக்கு. நம்மூர்ல திட்டத்துக்கு ஆயுசு அதிகாரியோட டிரான்ஸ்ஃபர் வரைக்கும்தான்.

டிரான்ஸ்ஃபர்னு சொன்ன உடனே அமெரிக்காவோட பாஸ்டன் ஞாபகம் வருது. 1990ல அந்த ஊர்ல 152 கொலை. ஹார்வர்ட்லருந்து டேவிட் கென்னடின்னு ஒருத்தரும் அவர் ஆளுங்களும் போலீஸ், நன்னடத்தை அலுவலர், தெருல வேலை செய்யுற இளைஞர் பணியாளர், சர்ச் பாதிரியார்னு எல்லாரையும் ஒரே மேஜைல உக்கார வச்சு ஒரு வேலை பண்ணாங்க, ஊர் மேப்ப விரிச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச கேங் எது, யாருக்கு யாரோட பகை, வரைங்கன்னு. வரைஞ்சு பாத்தா 61 கேங், 1,300 பேரு. ஊர்ல இருக்குற இளைஞர்கள்ல நூத்துக்கு ஒருத்தர் கூட இல்ல, ஆனா இளைஞர் கொலைல அறுபது சதவீதமாவது இவங்கள சுத்தித்தான். அதுவரைக்கும் ஊர் பூரா "இளைய தலைமுறை கெட்டுப்போச்சு"ன்னு பேசிட்டு இருந்தவங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. 1996ல அந்த கேங்குங்கள நேரா கூப்ட்டு எச்சரிச்சு, உதவியும் குடுக்குற ஆபரேஷன் சீஸ்ஃபயர் ஆரம்பிச்சாங்க, இளைஞர் கொலை மாச சராசரி 63 சதவீதம் இறங்குச்சு. அப்புறம் பேரு கிடைச்சுது, ஆளுக்காளு வேற வேலைக்கு போனாங்க, 2000 வாக்குல அது அப்படியே நின்னு போச்சு, கொலை திரும்ப ஏறுச்சு, 2007ல திரும்ப முதல்லருந்து ஆரம்பிச்சாங்க. யாரும் வேணும்னு நிறுத்தல. நட்பால ஓடிட்டு இருந்தது, யாரோட வேலைன்னும் எழுதி வைக்கல, அதான். ஒருங்கிணைக்கிறதுக்குன்னு சம்பளம் வாங்குற ஒரு ஆள் இல்லன்னா இதுதான் கதி, இதுல நான் யார் கூடவும் சமரசம் பண்ண மாட்டேன். எல்லாருக்கும் கூடுதல் பொறுப்புன்னா யாருக்கும் பொறுப்பு இல்லன்னு அர்த்தம்.

அடுத்தது டேட்டா. இங்க கார்டிஃப் கதைய சொல்லணும். வேல்ஸ்ல இருக்கு அந்த ஊரு. ஜோனதன் ஷெப்பர்ட்னு ஒரு தாடை சர்ஜன், தன் கிட்ட அடிபட்டு வர்றவங்க எண்ணிக்கையையும் போலீஸ் கிட்ட இருக்குற எண்ணிக்கையையும் வச்சுப் பாத்தாரு, ரெண்டும் ஒட்டவே இல்ல, பெரும்பகுதி போலீஸ் வரைக்கும் போகவே இல்ல. உடனே எமர்ஜென்சி ரிசப்ஷன்ல மூணு கேள்வி சேத்தாங்க: எங்க அடிபட்ட, எப்ப, எதால. பேரு கிடையாது. அந்த லிஸ்ட் போலீஸுக்கும் மாநகராட்சிக்கும் போச்சு. எந்த பார் வாசல்ல, எந்த தெருமுனைல, எத்தனை மணிக்குன்னு தெரிஞ்ச உடனே அங்க போலீஸ் நின்னாங்க, உடையாத கண்ணாடி கிளாஸ் வந்துச்சு, ராத்திரி பஸ் நேரம் மாறுச்சு. அதே மாதிரி மத்த ஊர்களோட ஒப்பிட்டா வன்முறையால ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுறது 42 சதவீதம் குறைவுன்னு 2011ல ஆய்வு வந்துச்சு. இதுக்கு ஆன செலவு? ஒரு பேனா, ஒரு எக்ஸெல் ஷீட். நம்ம ஜிஎச்ல ஏ.ஆர் புக்ல ஏற்கனவே சம்பவம் நடந்த இடம், நேரம் எல்லாம் எழுதுறாங்க, அத யாரும் மாசக் கடைசில கூட்டிப் பாக்குறதில்ல, கோர்ட் சம்மன் வந்தா மட்டும் தேடுவாங்க. அதே போலதான் ஸ்கூல் வருகையும், ஈமிஸ்ல, அதான் பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, தினமும் ஏத்துறாங்க டீச்சருங்க, பாவம் அதுக்கே பாதி பீரியட் போகுது. எந்த பையன் எப்பலருந்து வரலங்குறது சர்வர்ல தூங்குது.

இங்கதான் ஒரு பிரேக் போடணும். லிஸ்ட்னு சொன்னா நம்ம ஸ்டேஷன்ல உடனே ரவுடி லிஸ்ட் மாதிரி ஒண்ணு ரெடி பண்ணிடுவாங்க. லண்டன்ல அதான் நடந்துச்சு. 2011 கலவரத்துக்கு அப்புறம் 2012ல அந்த ஊர் போலீஸ் "கேங்ஸ் மேட்ரிக்ஸ்"னு ஒரு டேட்டாபேஸ் வச்சாங்க, பெரும்பான்மை கருப்பின பசங்க, எந்த தப்பும் பண்ணாம ஃப்ரெண்டு கூட நின்னதுக்காக பேர் ஏறினவனும் உண்டு, அந்த லிஸ்ட் வெளிய போய் வீடு, படிப்புன்னு எல்லாத்துலயும் அடி விழுந்துச்சு. 2018ல தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகமே சட்டத்த மீறிட்டீங்கன்னு சொல்லி, 2024ல மொத்தமா மூடினாங்க. நம்ம 2015 இளைஞர் நீதிச் சட்டத்துலயும் இதுக்கு தெளிவா இருக்கு, சிறுவனோட அடையாளத்த வெளியிடக்கூடாது, பழசு அவன் பின்னாடியே வரக்கூடாது. அதனால இடம், நேரம் எல்லாருக்கும் போகலாம், தப்பில்ல. பேர எழுதி வைக்கிறது மட்டும் ஒரே ஒரு ஆள் கிட்ட, பூட்டின டிராயர்ல, பேப்பர்ல. வாட்ஸப் குரூப்ல போடவே கூடாது. நான் பாத்த ஒரு குரூப்ல சாயங்காலம் போட்ட பேரு ராத்திரிக்குள்ள அந்தப் பையன் வீட்டு சந்துக்கே போய் சேந்துச்சு, அடுத்த நாள்லருந்து அவங்கம்மா எங்க யார் கூடவும் பேசல.

இப்ப சென்னைக்கு வரேன், ஏன்னா உங்க கேள்வில "யாரு"ங்குற பாதிக்கு பதில் இங்கதான் சிக்குது. இங்க மேப்பே ஒத்து வராது. குழந்தைகள் பாதுகாப்பு அலகு கலெக்டர் கீழ, கிரவுண்டு, ஜிம், மாநகராட்சி ஸ்கூல் எல்லாம் ரிப்பன் பில்டிங்ல இருக்குற மாநகராட்சி கீழ, 200 வார்டு. மத்த அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எல்லாம் முதன்மைக் கல்வி அலுவலர் கீழ. போலீஸ் 2022 ஜனவரிலருந்து சென்னை, தாம்பரம், ஆவடின்னு மூணு கமிஷனரேட். கண்ணகி நகர எடுத்துக்கங்க, ரோடு, தண்ணி எல்லாம் சென்னை மாநகராட்சி, ஆனா 2022ல பிரிச்சப்ப ஸ்டேஷன் தாம்பரம் கமிஷனரேட்டுக்குப் போச்சு. பக்கத்துல பெரும்பாக்கத்துக்குப் போனா மாவட்டமே செங்கல்பட்டு ஆயிடும். வடசென்னைலயும் கூவம் கரைலயும் இருந்து தூக்கிட்டுப் போய் அங்க கொட்டின குடும்பங்க, பையனோட பகை பழைய ஏரியால, ஸ்கூல் புது ஏரியால, அவன் கேஸ் இன்னொரு லிமிட்ல. அங்க வேலை பாக்குற ஒருத்தர் சொன்னாரு, "சார், பசங்க ஈஸியா பார்டர் தாண்டுறாங்க, ஃபைலுக்குத்தான் விசா கிடைக்கல." (அதே கண்ணகி நகர்லருந்துதான் 2025ல பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் வாங்கின கபடி டீமுக்கு ஒரு பொண்ணு போச்சு. அந்த ஏரியா பேர அதுக்கு முன்னாடி டிவி நியூஸ்ல எதுக்கெல்லாம் சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும்.)

சட்டப்படி ஆள் இல்லாம இல்ல. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல காவல் அலுவலர்னு ஒருத்தர், ஏ.எஸ்.ஐ ரேங்குக்கு குறையாம, இருக்கணும். மாவட்டத்துக்கு ஒரு சிறப்பு சிறார் காவல் பிரிவு, டிஎஸ்பி ரேங்க்ல ஒருத்தர் தலைமைல, கூட ரெண்டு சமூகப் பணியாளர், அதுல ஒருத்தராவது பொம்பள. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, 2016 மாதிரி விதிகள் படி, குறைஞ்சபட்ச தண்டனையே ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ இருக்குற கொடுங்குற்றமா இல்லாம, பெரியவங்க கூட சேந்து பண்ணதாவும் இல்லாம இருந்தா, சிறுவன் மேல எஃப்ஐஆரே போடக்கூடாது, டைரில எழுதி, அவன் வீடு எப்படி, படிப்பு எப்படின்னு சமூகப் பின்னணி அறிக்கை எழுதி குழுமத்துக்கு அனுப்பணும். யோசிச்சுப் பாருங்க, அந்த அறிக்கை ஒழுங்கா எழுதினாலே நமக்குத் தேவையான லிஸ்ட்ல பாதி கைல வந்துரும். ஆனா பெரும்பாலும் அத ஸ்டேஷன் ரைட்டர் அஞ்சு நிமிஷத்துல நிரப்புறாரு, "குடும்பம்: ஏழ்மை. நடத்தை: கெட்ட சகவாசம்." எல்லா பையனுக்கும் அதே ரெண்டு வரி.

அப்புறம் ஸ்கூல். 2022 செப்டம்பர்ல சென்னை போலீஸ், ஸ்கூல் பசங்கள பொறுப்பா வளர்க்கணும்னு "சிற்பி"ன்னு ஆரம்பிச்சாங்க, நூறு ஸ்கூல், ஸ்கூலுக்கு அம்பது பசங்க. நல்ல திட்டம்தான், ஆனா அந்த அம்பது பேர யாரு தேர்ந்தெடுக்குறா? ஹெச்எம் கிட்ட கேட்டா நல்லா படிக்கிற, ஒழுங்கா யூனிஃபார்ம் போடுற புள்ளைங்களத்தான் அனுப்புவாங்க, நீங்களோ நானோ ஹெச்எம்மா இருந்தாலும் அப்படித்தான், கெஸ்ட் வர்றாங்கல்ல. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில கூட படிக்கிற பசங்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தங்கச்சியையும் வெட்டினதுக்கு அப்புறம் நீதிபதி சந்துரு தலைமைல ஒருநபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல 610 பக்கம் அறிக்கை குடுத்தாரு. பேப்பர்ல, சாதிய காட்டுறதுக்கு பசங்க கைல கட்டுற கலர் கயிறு தடை பத்தித்தான் சண்டை போட்டாங்க. எனக்கு அதுல முக்கியமா பட்டது, ஐநூறு பேருக்கு மேல படிக்கிற பள்ளிக்கு நலன் பாக்குறதுக்குன்னே தனி அலுவலர் போடணும்னு சொன்னது. அந்த ஆள்தான் நம்ம மேஜைக்கு ஸ்கூல் சார்பா வர வேண்டிய ஆள். சாதிய சொல்லாம நம்மூர்ல பசங்க வன்முறைய பேசவும் முடியாது. கிளாஸ்கோல தெரு, பாஸ்டன்ல கேங், நம்ம தெக்கத்தி ஸ்கூல்ல சாதி, சென்னைல ஏரியா, பஸ் ரூட், அதுக்குள்ளயும் பல இடத்துல சாதி ஒளிஞ்சிருக்கும். ரூட் தல விஷயம் தெரியும்ல, காலேஜ் பசங்க பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவன் வச்சுக்கிட்டு அடிச்சுக்குறது, 2019ல அரும்பாக்கத்துல பட்டப்பகல்ல பஸ்ஸுல ஏறி பட்டாக்கத்தியால வெட்டினாங்களே, அந்த மாதிரி கேஸ்ல காலேஜ், எம்டிசி, ரயில்வே போலீஸ், லோக்கல் ஸ்டேஷன்னு நாலு பேர் ஒரே மேஜைக்கு வந்தாதான் எதாவது நடக்கும், பஸ் ஏரியாவுக்குள்ளயே நிக்கிறதில்லையே.

எந்த புரோகிராம் நடத்தலாம்னும் அடுத்து கேப்பீங்க, சுருக்கமா சொல்றேன். ஜெயிலுக்கு கூட்டிட்டுப் போய் காட்டி பயமுறுத்துறது வேண்டவே வேணாம், அமெரிக்கால பல வருஷம் பண்ணி ஆராய்ஞ்சதுல, போகாதவங்கள விட போய்ட்டு வந்தவன்தான் ஜாஸ்தி தப்பு பண்ணான். ஒருநாள் விழிப்புணர்வு பேரணியால கெடுதல் இல்ல, பிரயோஜனமும் இல்ல. சிகாகோல பிகமிங் எ மேன்னு ஒண்ணு இருக்கு, வாரம் ஒரு தடவ ஸ்கூல்லயே பசங்க வட்டமா உக்காருவாங்க. முதல் நாள் ஒருத்தன் கைல பந்த குடுத்து இன்னொருத்தன் கிட்ட, முப்பது செகண்டுல அவன் கைலருந்து அத வாங்குன்னு சொல்லுவாங்க. புரண்டு புரண்டு சண்ட போடுவானுங்க. முடிஞ்ச உடனே மாஸ்டர், ஏன்டா ஒருத்தனும் "பந்த குடு"ன்னு கேக்கலன்னு கேப்பாரு. நான் இத இங்க ஒரு பத்து தடவ செஞ்சு பாத்திருக்கேன், ஒரே ஒரு பையன்தான் கேட்டான், எதிராளியும் குடுத்துட்டான், மொத்த ரூமும் சிரிச்சுச்சு. சிகாகோல அது நடந்த காலத்துல வன்முறைக் கைது கிட்டத்தட்ட பாதி குறைஞ்சுது, நிறுத்தின பிறகு அந்த பலன் நிக்கல. அதே ஊர்ல 2012ல கோடை லீவுல எட்டு வாரம் சம்பளத்தோட வேலை குடுத்தாங்க, அடுத்த பதினாறு மாசத்துக்கு வன்முறைக் கைது 43 சதவீதம் குறைவு. நம்ம பசங்களுக்கும் ஏப்ரல், மே லீவுலதான் கை சும்மா இருக்கும், நம்ம கவுன்சிலிங் எல்லாம் கரெக்டா அப்பதான் லீவு.

யாரு பேசணும்ங்குறதுல கனடாவுல நம்ம ஆளுங்க கதையே ஒண்ணு இருக்கு. 1990கள்ல டொரன்டோ, ஸ்கார்பரோ பக்கம் ஈழத்துலருந்து போன குடும்பங்கள்ல இருந்து இளைஞர் கும்பல் ரெண்டு மூணு உருவாகி சுட்டுக்கிட்டாங்க. போலீஸ் அவங்க வழில 2001ல பெரிய ரெய்டு நடத்துச்சு. அந்தப் பக்கம் தமிழ் இளைஞர்களே சேந்து கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையம்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஸ்கூலுக்குள்ள போனாங்க. பையன் போர்லருந்து வந்திருக்கான், அப்பா ரெண்டு ஷிஃப்ட் வேலை, வீட்ல தமிழ், வெளிய இங்கிலீஷ், இத வெள்ளைக்கார கவுன்சிலருக்கு புரிய வைக்கவே ஒரு மாசம் ஆகும். நம்மூர்லயும் அடையாறுலருந்து கார்ல வர்றவங்கள விட, புளியந்தோப்புலயே பொறந்து, கேஸ்ல சிக்கின சிறுவர்கள வைக்கிற கூர்நோக்கு இல்லம் வரைக்கும் போய்ட்டு வந்து, இப்ப ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் பேசினா பையன் நிமிந்து பாப்பான். அவருக்கும் சம்பளம் குடுங்க, வாலன்டியர்னு சொல்லி ஏமாத்தாதீங்க.

சரி, உங்க வார்டுக்கு. ஊரு மொத்தத்தையும் திருத்த வேணாம், ஒரு ஸ்டேஷன் லிமிட் எடுத்துக்கங்க, வார்டு எல்லைய மறந்துருங்க, ஏன்னா சண்டை ஸ்டேஷன் லிமிட்லதான் கேஸா மாறுது. மேஜைக்கு, அத நடத்துற ஒருங்கிணைப்பாளர் தவிர, ஆறு பேருக்கு மேல வேணாம். ஸ்டேஷன்ல அந்த குழந்தைகள் நல அலுவலர், பக்கத்து ஹைஸ்கூல்ல ஹெச்எம் இல்லன்னா பசங்களுக்குப் புடிச்ச டீச்சர், பிடி மாஸ்டரா இருந்தா இன்னும் நல்லது, குழந்தைகள் பாதுகாப்பு அலகுலருந்து ஒருத்தர், ஆஸ்பத்திரி எமர்ஜென்சி நர்ஸ் ஒருத்தர், கிரவுண்டு கோச், அப்புறம் அந்த ஆட்டோ அண்ணன். கவுன்சிலருக்கு தகவல் சொல்லுங்க, ஆதரவு கேளுங்க, ஆனா அந்த ரூம்ல உக்கார வைக்காதீங்க, அவர் கெட்டவர்னு இல்ல, பையனோட சொந்தக்காரங்க நாளைக்கு அவர் வீட்டு வாசல்லதான் நிப்பாங்க. வாரத்துல ஒரே நாள், ஒரே நேரம், நாப்பது நிமிஷம். மாசம் ஒண்ணு பத்தாது, ஒரு வெட்டுக்கு பதில் வெட்டு சில நாள்லயே விழுந்துடும். வர்ற வாரத்துல யாரோட நினைவு நாள், யாருக்கு பேனர் வைக்கிறாங்க, யாரு உள்ளருந்து வெளிய வர்றாங்க, இத ஆட்டோ அண்ணன் சொல்லுவாரு, அதான் அந்த வார கேலண்டர். பேரு பத்துக்கு மேல போக விடாதீங்க. ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள், அந்த வாரமே வீட்டுக்குப் போகணும், அடுத்த வாரம் "போனேன்" "போகல" ரெண்டுல ஒண்ணுதான் பதில், "முயற்சி பண்ணேன்"னு ஒரு பதில் கிடையாது. வீட்டுக்குப் போனா பையன மட்டும் பாக்காதீங்க, அந்த வீட்ல ராத்திரி யாரு யார அடிக்கிறாங்கன்னு பாருங்க, தம்பி தங்கச்சி எத்தன வயசுன்னு பாருங்க. ஆயிரம் போலீஸ் வேணுமா இல்ல சின்னக் குழந்தை இருக்குற வீட்டுக்குப் போற ஆயிரம் நர்ஸ் வேணுமான்னு கேட்டா நர்ஸத்தான் கேப்பேன்னு அந்த கார்னக்கன் சொல்லிட்டு இருப்பாரு, நாப்பது வருஷத்துக்குக் கிட்ட போலீஸ்ல இருந்த ஆளு.

இத நடத்துற ஒருங்கிணைப்பாளருக்கும் அந்த ஆட்டோ அண்ணனுக்கும் மாச சம்பளம், ஒரு வண்டி, பெட்ரோல், அவ்ளோதான் மொத்த செலவு. ஒரு நிகழ்ச்சிக்கு ஷாமியானா, டி-ஷர்ட், மெடல், மெமென்டோ வாங்குற காச கூட்டிப் பாருங்க, அதுக்குள்ள வந்துரும். ஃபண்ட் குடுக்குறவங்க எத்தன பசங்க பயனடைஞ்சாங்கன்னு கேப்பாங்க, பத்துன்னு சொன்னா மூஞ்சி சுருங்கும், அந்த இடத்துல தடுமாறி நூறுன்னு சொல்லிடாதீங்க, அன்னிக்கே கேரம் போர்டுக்கு திரும்பிடுவீங்க.

முதல்ல அந்த ஸ்கூல்ல போய் பேசுங்க, ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம். அவங்க ஒத்துக்கிட்டா எனக்கு சொல்லுங்க, நாங்க யூஸ் பண்ற ஒரு பக்க ஃபார்ம் அனுப்புறேன். அதுல பேரு எழுத கட்டமே கிடையாது, நம்பர் மட்டும்தான், கடைசி காலம்ல "இந்த வாரம் போனது யாரு"ன்னு இருக்கும், அத மட்டும் காலியா விடாம பாத்துக்கங்க.